கணினி ஆன் ஆகவே பத்து நிமிடம்: விண்டோஸை அழிப்பதற்கு முன்

கேள்வி, 2026 ஜனவரி 10

வீட்டு டெஸ்க்டாப், 2016இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அழுத்தி டெஸ்க்டாப் வருவதற்குள் ஐந்து நிமிடம் போகிறது, பிரவுசர் திறக்க இன்னொரு ஐந்து. சில நாள் காலையில் கருப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. போன வாரம் இரண்டு தடவை ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வந்து அப்படியே நின்றுவிட்டது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. போட்டுவிடலாமா?

ஜனவரி 10, இரவு

இப்போதைக்குப் போடாதீர்கள். அந்த டிஸ்க்கில் இருக்கும் படங்கள், கோப்புகளுக்கு வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கு வேலை அது ஒன்றுதான். கணினி வேகமாவது நாளைக்கும் நடக்கும். போன படங்கள் திரும்பாது.

நீங்கள் சொல்வதில் இரண்டு மூன்று கோளாறுகள் கலந்திருக்கலாம். மெதுவாக இருப்பது ஒன்று, எஃப்1 கேட்பது ஒன்று, ரிப்பேரில் நிற்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொண்டால் எதுவும் பிடிபடாது. அதனால் நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு மூன்று கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டன் அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னம் வரும் வரை, சின்னத்திலிருந்து பாஸ்வேர்டு திரை வரை, பாஸ்வேர்டு போட்டதிலிருந்து டிஸ்க் விளக்கு அடங்கும் வரை. முதல் கட்டத்தில் விண்டோஸுக்குப் பங்கே இல்லை. அங்கே நேரம் போனால் விண்டோஸைப் பத்து தடவை மாற்றிப் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

ஜனவரி 10, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

பிரதி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சிறியதும் முக்கியமானதும் முதலில் போகட்டும்: ஆவணங்கள், குடும்பப் படங்கள், பிரவுசர் புக்மார்க்குகள். வீடியோக்கள் கடைசியில். முழு ஃபோல்டரையும் ஒரே இழுப்பில் போடாமல் சிறு சிறு துண்டாக எடுங்கள். நடுவில் ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கீழே ஒருவர் ‘செக்டிஸ்க்கை ஆர் போட்டு ஓடவிடுங்கள்’ என்று, விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கருவியைச் சொல்லியிருக்கிறார். பிரதி எடுத்து முடிக்கும் வரை அதைத் தொடவே தொடாதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். 1 டிபி டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும். டிஸ்க் நல்லதாக இருந்தால் தொந்தரவில்லை. ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க் என்றால், மிச்சமிருக்கும் உயிரை அந்தச் சோதனையிலேயே செலவழித்துவிடும்.

ஜனவரி 11, காலை

எஃப்1 விஷயம் எனக்கு ஓரளவு தெளிவாகிவிட்டது, ‘சில நாள் காலையில்’ என்று நீங்கள் எழுதியதால். இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறீர்கள், இல்லையா?

மதர்போர்டில் நாணயம் போன்ற சின்ன பேட்டரி ஒன்று, பட்டன் செல், இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பல பழைய போர்டுகளில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகளையும் அதுவே காப்பாற்றி வைக்கிறது. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், பவர் சப்ளையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். சுவர் சுவிட்சை அணைத்தால் பாரம் முழுவதும் செல் மீது. தளர்ந்த செல் ஓர் இரவு கூடத் தாங்காது. காலையில் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும், பயாஸ் குழம்பிப்போய் எஃப்1 கேட்கும்.

உறுதிசெய்வது எளிது. எஃப்1 கேட்கும் நாளில் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. அன்றைக்கு மட்டும் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வரும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு கெடு உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் பிரவுசர் மறுத்துவிடும்.

செல்லை மாற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) என்ற வரி. அது ஏஎச்சிஐயா, ஐடிஇயா, ரெய்டா என்று தெரிந்திருக்க வேண்டும். செல் கழன்றதும் போர்டு தன் இயல்பு அமைப்புக்குத் திரும்பும். விண்டோஸ் நிறுவியபோது இருந்த மோட் வேறாக இருந்தால் நீலத் திரையில் போய் நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று பதறுவார்கள். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றிவிட்டால் எழுந்துவிடும்.

டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் பயாஸில் கை வைக்கும் முன் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

ஜனவரி 11, மதியம்

‘செல்லை மாற்றினால் வேகமும் கூடுமா?’ என்று இன்னொருவர் கேட்கிறார். கூடாது. செல்லுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரிப்பேர் திரைக்கும் செல்லுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அமைப்புகள் தொலைந்த நாளில் விண்டோஸ் தொடர்ந்து சில தடவை எழ முடியாமல் போனால், அடுத்த முறை தானாகவே ரிப்பேருக்குள் போய்விடும். அந்த இரண்டு நாட்களும் எஃப்1 கேட்ட நாட்கள்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஜனவரி 12

சரி, நீங்கள் குறித்த நேரங்கள் வந்துவிட்டன. சின்னம் வர அரை நிமிடம், பாஸ்வேர்டு திரைக்கு நான்கு நிமிடத்துக்கு மேல், அதன் பிறகு விளக்கு அடங்க ஆறேழு நிமிடம். ரிப்பேர் வந்த நாட்களில் எஃப்1 கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டீர்கள். ஆக, செல் தனிக் கதை. மற்ற இரண்டும் டிஸ்க்கைத்தான் காட்டுகின்றன.

ஒன்று கேட்க விட்டுப்போனது: நேரம் பார்த்தது ஷட்டவுன் செய்து ஆன் செய்தா, ரீஸ்டார்ட் கொடுத்தா? விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் அணைக்கிறவர்களுக்குக் கூட அது பல நாள் காட்டும். புத்தம் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும், அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்க வேண்டும். விசித்திரமான கோளாறு பல, ஒரு ரீஸ்டார்ட்டில் போவது இதனால்தான்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸில் டிஸ்க். மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆக்டிவ் டைம் எத்தனை சதவீதம், படிக்கும் வேகம் எவ்வளவு, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் எத்தனை மில்லிசெகண்ட்.

என் பழைய கணினியில் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆக்டிவ் டைம் 100 சதவீதம். படிக்கும் வேகமோ நொடிக்கு 1 எம்பி கூட இல்லை. இவ்வளவு மும்முரமாக இருக்கும் டிஸ்க் ஏன் ஒன்றுமே படிக்கவில்லை என்று முதலில் புரியவில்லை. விடை டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டின் சுழற்சியில் இருக்கிறது. 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் தனி. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 60, 70 இடங்களைத்தான் தொட முடியும். விண்டோஸ் எழும்போது கேட்பது அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை. ஒரே பெரிய வீடியோவை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கும் அதே டிஸ்க் இங்கே 1 எம்பியில் தவழ்வது இதனால்தான். இது பழுதில்லை, ஹார்டு டிஸ்க்கின் இயல்பே அது.

ரெஸ்பான்ஸ் டைம் கொஞ்சம் ஏறி இறங்கினால் நெரிசல் என்று விடலாம். ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்குப் போய், மவுஸ் குறி கூட அந்த நேரம் உறைந்து நின்றால் அது வேறு கதை. அதை நாளை பார்ப்போம்.

ஜனவரி 12, இரவு

டிஸ்க் 100 சதவீதம் என்றால் டிஸ்க்தான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10ஐயும் இன்றைய பிரவுசரையும் வைத்தால் இடம் போதாது. போதாததை டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப இழுக்கும். அந்த இழுபறியும் டிஸ்க் கணக்கில்தான் ஏறும். மெமரி பக்கத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். பிரவுசர் திறக்கும் முன்பே 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரேமும் போதவில்லை.

ஜனவரி 13

ஸ்டார்ட்அப் பட்டியலைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது உதவும். ஆனால் எல்லாரும் அதோடு நின்றுவிடுவதுதான் வருத்தம். அந்தப் பட்டியல் மூன்றாம் கட்டத்தை மட்டுமே குறைக்கும். பாஸ்வேர்டு திரை வரவே நான்கு நிமிடம் ஆகிறவருக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

இருந்தாலும் ஒரு தடவை பாருங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் தாவல் இருக்கிறது. ‘இம்பாக்ட் ஹை’ என்று போட்டிருந்தால், எழும்போது அது ஒரு நொடிக்கு மேல் சிபியுவையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ எடுத்தது என்று பொருள். அரட்டைச் செயலி, விளையாட்டு லாஞ்சர், பிரிண்டரோடு வந்த உதவியாளர், எந்த மென்பொருளுக்கென்று தெரியாத அப்டேட்டர் எல்லாவற்றையும் முடக்கலாம். முடக்கினால் செயலி அழியாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். டச்பேட், ஒலி, தமிழ்த் தட்டச்சு இவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் தனித்தனியாகச் சோதித்தால் ஹார்டு டிஸ்க் தாங்காது. அப்புறம் ரெஜிஸ்ட்ரி கிளீனர், பூஸ்டர் என்று வருபவை. அவற்றால் கணினி வேகமானதை நான் பார்த்ததே இல்லை. பலவும் தானே ஸ்டார்ட்அப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜனவரி 14

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சளில் ‘காஷன்’ காட்டுகிறது. பிரதி எடுக்கும் வேலை பாதியில் நின்றிருந்தால் இன்றே முடியுங்கள்.

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு. நீளமான பட்டியல், ஆனால் வீட்டில் பார்க்க வேண்டியது சில வரிகள்தான். 05 என்பது பழுதாகி, பதிலுக்கு வேறு இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சிறு துண்டுகள். சி5 என்பது இப்போது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, சரிசெய்ய முடியாதவை. மூன்றிலும் வலது ஓரத்தில் இருக்கும் ரா மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு 05இலும் சி5இலும் எண் ஏறியிருக்கிறது. அந்த எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும், எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் நான்கு நிமிடத்தின் பெரும்பகுதி சி5இல்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாசிக்க வராத செக்டரை டிஸ்க் உடனே கைவிடாது. மறுபடி மறுபடி முயலும், பல நொடிகள் கூட. அந்த நேரம் வரிசையில் பின்னால் நிற்கும் எல்லாமே காத்திருக்கும். விண்டோஸ் எழுவதற்கு வேண்டிய கோப்பு ஒன்று அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், ஒரு நாள் முக்கி முனகி எழும், ஒரு நாள் ரிப்பேரில் போய் நிற்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து ‘டிஸ்க்’ என்ற மூலத்தில் 7ஆம் எண் நிகழ்வைத் தேடுங்கள். அது கெட்ட பிளாக்கைக் குறிக்கும். 153 இருந்தால் படிக்கும் முயற்சி திரும்பச் செய்யப்பட்டது என்று பொருள்.

ஜனவரி 14, சற்று பின்

சி7 பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். என் கணினி ஒரு காலத்தில் திடீர் திடீரென்று உறையும். 05, சி5 எல்லாம் சுழியம், சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. பக்கவாட்டுத் தகடைக் கழற்றிப் பார்த்தால், தட்டையான சிவப்புக் கேபிளின் முனையில் இருக்க வேண்டிய இரும்புக் கிளிப் இல்லை. விரலால் தொட்டாலே ஆடியது. கிளிப் வைத்த கேபிள் மாட்டியதோடு அந்த எண் நின்றுவிட்டது. ஏறியது இறங்காது, மேலே ஏறவில்லை என்றால் போதும்.

ஜனவரி 15

சில ஃபோல்டர்கள் விண்டோஸில் நகலாகாமல் நிற்கின்றன என்கிறீர்கள். விண்டோஸுக்குள்ளிருந்து இனி முயல வேண்டாம். அது பின்னணியில் தன் வேலைக்கும் அதே டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருக்கும். வேறு கணினியில் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளம்) பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். பழைய டிஸ்க் அப்போது சும்மா இருக்கும், நீங்கள் கேட்பதை மட்டும் படிக்கும். அப்படியும் வராததற்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ள மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் நடுவில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதிலிருந்து எதற்கு என்ற வரிசையை மட்டும் கொள்ளளவை வைத்து இரண்டு தடவை சரிபாருங்கள். மாறிப்போனால் எதுவும் மிஞ்சாது.

டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று ஒரே சீராகச் சத்தம் வர ஆரம்பித்தால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் வீட்டு வைத்தியம் கிடையாது. உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு செய்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 17

எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இப்போது உங்கள் தம்பி சொன்னதற்கு வருவோம். புதிதாகப் போடுங்கள், ஆனால் புது எஸ்எஸ்டியில். அதே டிஸ்க்கில் போட்டிருந்தால், கோப்புகள் நல்ல செக்டர்களில் விழுந்திருக்கும் வரை சில வாரம் வேகமாக இருந்திருக்கும், பிறகு பழைய கதைதான். பிரதியில்லாத படங்களும் முதல் நாளே போயிருக்கும்.

எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. அதனால் சிதறிய சின்னக் கோப்புகளுக்குக் காத்திருப்பு ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழ். 2016 போர்டில் சாட்டா இருக்கும், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். அதைவிட வேகமானதைத் தேடி அலைய இந்தக் கணினிக்கு அவசியமில்லை. கையில் கொஞ்சம் இருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள்.

குளோன், அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது, வேண்டாம். நல்ல டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது சுகமான வழி. படிக்க முடியாத செக்டர்கள் உள்ள டிஸ்க்கைக் குளோன் செய்தால் ஓட்டை விழுந்த சிஸ்டம் கோப்புகளும் கூடவே வரும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்தது, அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

எதைப் போடுவது என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் பதிவுசெய்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும், 2016 கணினி பெரும்பாலும் அதில் வராது. இணையம், கடிதம், படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால், நான் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று நிறுவாமலே தெரிந்துவிடும்.

ஜனவரி 18

டிஸ்க் நன்றாக இருந்தும் மெதுவாக இருக்கிறது என்று லேப்டாப்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். டாஸ்க் மேனேஜரில் சிபியு ‘ஸ்பீட்’ எவ்வளவு? என்ன வேலை கொடுத்தாலும் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசசர் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அக்காவின் லேப்டாப்பில் இதைத்தான் பார்த்தேன். சார்ஜர் பின்னின் நடுவில் இருக்கும் ஊசி போன்ற கம்பி வளைந்திருந்தது. வேறு சார்ஜர் மாட்டியதும் வேகம் வந்துவிட்டது. முதலில் வேகமாக இருந்து, சூடானதும் மெதுவானால் ஃபேனில் தூசி.

லினக்ஸில் எழ ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றவருக்கு: எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது இல்லாத டிஸ்க் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். லினக்ஸை எழுப்பும் சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருக்கும்.

ஜனவரி 22

அரை நிமிடத்தில் டெஸ்க்டாப், எஃப்1 இல்லை, அம்மா இரண்டு தடவை ஆன் செய்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப மகிழ்ச்சி.

சின்னம் வருவதற்கு முன் இன்னும் இருபது நொடி போகிறது என்கிறீர்களே, பின்னால் மாட்டியிருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கையும் கார்டு ரீடரையும் கழற்றிவிட்டு ஒரு முறை பாருங்கள். பயாஸ் அவற்றிலும் பூட் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று தேடும். பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். எஸ்எஸ்டிக்கு, சிதறிய கோப்புகளைச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக் கருவி எதுவும் நிறுவ வேண்டாம். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வேலையை இயங்குதளமே தன் அட்டவணைப்படி பார்த்துக்கொள்ளும்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேலே ‘பழுது’ என்று எழுதி ஓரமாக வையுங்கள். கூடுதல் இடத்துக்காகக் கூட மறுபடி மாட்ட வேண்டாம். எடுத்து வைத்த படங்களைப் பெயரை மட்டும் பார்க்காமல் திறந்து பாருங்கள். பாதி சாம்பல் நிறமாக வரும் படம் இருந்தால் அந்தப் படக் கோப்பைப் பழைய டிஸ்க்கிலிருந்து டிடிரெஸ்க்யூவில் மறுபடி முயலலாம். அதுவரை அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.